ஆப்பிரிக்கச் செய்திகளுக்கும் பண்பாடுகளுக்கும் மூலங்களைத் தேடுதல்: இணையத்திலும் நூலகத்திலும் ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஆப்பிரிக்கப் பண்பாடு’ என்று தேடுபொறியில் இட்டால் வந்து குவிபவை பெரும்பாலும் சுற்றுலா விளம்பரங்களும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிய பட்டியல்களுமே. குறை தேடுபொறியில் இல்லை, கேள்வியில்தான் இருக்கிறது. 54 நாடுகளும் ஈராயிரத்தை ஒட்டிய மொழிகளும் அடங்கிய ஒரு கண்டத்தை ஒற்றைச் சொல்லால் தேடும்போது, அதை வெளியிலிருந்து ஒற்றைப் பொருளாகப் பார்ப்பவர்கள் எழுதியவையே முதலில் அகப்படும். எந்த நாடு, எந்த ஊர், எந்த மக்கள், எந்த மொழி, எந்த ஆண்டு என்று கேள்வியை நறுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு, அங்கே வாழ்பவர்கள் தங்களைப் பற்றி எழுதியதை முதலிலும், பிறர் அவர்களைப் பற்றி எழுதியதை அடுத்தும் தேட வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒரு நெறியிலிருந்து கிளைப்பவை.

படிகள் வெறும் தளப்பட்டியலாகிவிடாமல் இருக்க, ஒரே கேள்வியைத் தொடக்கம் முதல் கையில் வைத்துக்கொள்வோம். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் இருந்த பெனின் அரசின் தலைநகரைக் கைப்பற்றி, அரண்மனையிலிருந்த பித்தளைத் தகடுகளையும் தலைச்சிலைகளையும் தந்த வேலைப்பாடுகளையும் ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்றது. உலக அருங்காட்சியகங்களில் ‘பெனின் வெண்கலங்கள்’ என்று பொதுப்பெயரில் வழங்கும் அப்பொருள்கள் யாரிடம் திரும்ப வேண்டும் என்பது இன்றும் நாளேடுகளில் அடிபடும் செய்தி. அரசமுறை, முன்னோர் வழிபாடு, உலோக வார்ப்பு, வாய்மொழி வரலாறு என்று பண்பாட்டின் பல பக்கங்களையும் அது தொடுவதால், செய்தி மூலங்களும் நூலக மூலங்களும் ஒருசேரத் தேவைப்படும் கேள்வி அது.

முதல் படி: பெயர்களைத் திரட்டுங்கள்

தேடத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொள்வது வீண்வேலை போலத் தோன்றும். ஆப்பிரிக்க ஆய்வில் பாதி உழைப்பு மிச்சமாவது அங்கேதான். பெனின் என்று தேடினால் இரண்டு வெவ்வேறு இடங்கள் கலந்து வரும். ஒன்று நைஜீரியாவின் எடோ மாநிலத் தலைநகரான பெனின் நகரம். மற்றொன்று மேற்கே, இடையில் எல்லைக்கோடு கொண்ட பெனின் குடியரசு. பின்னது 1975 வரை தஹோமே என்று அழைக்கப்பட்டது. பழைய பெனின் அரசு அதன் எல்லைக்குள் இருந்ததில்லை. குழப்பத்தை மேலும் கூட்டுவது போல, 2021 நவம்பரில் பிரான்ஸ் பெனின் குடியரசுக்குத் திருப்பியளித்த 26 அரசப் பொருள்கள் அபோமே அரண்மனையைச் சேர்ந்தவை; 1897ஆம் ஆண்டுக் கொள்ளைக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. இரண்டையும் ஒரே கதையாகச் சேர்த்து எழுதிய கட்டுரைகள் பல மொழிகளிலும் உலவுகின்றன.

ஆகவே பட்டியலில் இடத்தின் இன்றைய பெயர், காலனிக் காலப் பெயர், மக்கள் தங்களைக் குறிக்கும் பெயர், பிறர் அவர்களைக் குறித்த பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் எடோ, பினி, பெனின் நகரம், எடோ மாநிலம் என்பவை இடத்துக்கும் மக்களுக்கும் உரியவை. மன்னர் ‘ஓபா’ எனப்படுவார். 1897இல் அரியணையில் இருந்து, பின்னர் கலபாருக்கு நாடுகடத்தப்பட்ட ஓபா ஒவொன்ராம்வென், பிரிட்டிஷ் ஆவணங்களில் ‘ஒவெராமி’ என்று எழுதப்பட்டிருக்கிறார். பெயரை எழுதும் முறையிலுள்ள இந்த வேறுபாடு தெரியாவிட்டால், எண்மயமாக்கப்பட்ட காலனி அறிக்கைகளில் அவர் பெயரைத் தேடுபவருக்கு வெறுங்கை மட்டுமே மிஞ்சும். யொரூபா, இக்போ, எடோ போன்ற மொழிகளின் உரோமானிய எழுத்துகளில் அடிப்புள்ளிகளும் தொனிக்குறிகளும் உண்டு. அவற்றோடு ஒருமுறையும் அவையின்றி ஒருமுறையும் தேடிப்பார்க்க வேண்டும்.

நாட்டுப் பெயர் மாற்றங்களையும் ஆண்டோடு குறித்துக்கொள்ளலாம். கோல்டு கோஸ்ட் 1957இல் கானா ஆனது. நியாசாலாந்து 1964இல் மலாவி. பெச்சுவானாலாந்து 1966இல் போட்ஸ்வானா. தெற்கு ரொடீசியா 1980இல் ஜிம்பாப்வே. அப்பர் வோல்டா 1984இல் புர்க்கினா ஃபாசோ. சுவாசிலாந்து 2018இல் எசுவாத்தினி. காங்கோ ஜனநாயகக் குடியரசு 1971 முதல் 1997 வரை ஜயீர் என்ற பெயரில் இருந்தது. நூலக அட்டவணைகளில் பழைய நூல்கள் பழைய பெயரிலேயே கிடக்கும்.

இந்தப் பட்டியலைத் தயாரிக்க விக்கிப்பீடியா போதும். அதன் கட்டுரையை மேற்கோளாகக் காட்டுவதற்கில்லை என்றாலும், பெயர் வேறுபாடுகளுக்கும் அடிக்குறிப்புகளில் உள்ள நூல்களுக்கும் அதைவிட விரைவான வாசல் வேறில்லை.

இரண்டாம் படி: அன்றாடச் செய்தியை அதன் ஊரிலிருந்தே படியுங்கள்

பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் பல, நைரோபியிலோ ஜோகன்னஸ்பர்கிலோ ஒரு செய்தியாளரை இருத்தி, ஒரு பெரும் வட்டாரம் முழுவதையும் அவர் தலையில் கட்டுகின்றன. அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் போர், தேர்தல், பஞ்சம் ஆகிய மூன்றைத் தாண்டி எழுத அவருக்கு இடம் கிடைப்பது அரிது. ஊரின் அன்றாடத்தை அறிய ஊர் நாளேடே வேண்டும்.

தொடக்கத்துக்கு ஆல்ஆப்பிரிக்கா என்னும் திரட்டுத் தளம் பயன்படும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கச் செய்தி நிறுவனங்களின் செய்திகளை நாடுவாரியாகவும் பொருள்வாரியாகவும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அது தருகிறது. பழைய செய்திகள் பலவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஆயினும் ஒரு நாட்டின் முக்கிய ஏடுகள் எவை என்று தெரிந்துகொள்ளவே அது சிறந்த வழி. தெரிந்ததும் திரட்டியை விட்டு ஏட்டின் சொந்தத் தளத்துக்குப் போய்விடுவது நல்லது. நைஜீரியாவுக்குப் பஞ்ச், வான்கார்டு, புலனாய்வுக்குப் பெயர்பெற்ற பிரீமியம் டைம்ஸ், வடபகுதியின் பார்வைக்கு டெய்லி டிரஸ்ட். கென்யாவுக்கு நேஷன், ஸ்டாண்டர்டு. கானாவுக்கு டெய்லி கிராஃபிக். எத்தியோப்பியாவுக்கு அடிஸ் ஸ்டாண்டர்டு, ரிப்போர்ட்டர். தென்னாப்பிரிக்காவுக்கு மெயில் அண்டு கார்டியன், டெய்லி மேவரிக். எகிப்துக்கு மடா மஸ்ர். 2020இல் தொடங்கிய ‘தி கான்டினென்ட்’ என்னும் வார இதழ், வாட்ஸப் வழியாக அனுப்பிப் படிப்பதற்கென்றே பிடிஎஃப் வடிவில் இலவசமாக வருகிறது. கண்டத்தின் பல நாடுகளிலிருந்து அந்தந்த நாட்டு எழுத்தாளர்களே எழுதுவதால், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதையே.

பிரெஞ்சு பேசும் நாடுகளை ஆங்கிலத்தில் மட்டும் தேடுபவர் பாதிக் கதையைத் தவறவிடுவார். 1960இல் தூனிஸ் நகரில் தொடங்கிய ஜூன் ஆஃப்ரிக் இதழும், காங்கோவில் 2002 முதல் ஒலிபரப்பாகும் ரேடியோ ஒக்காப்பியின் தளமும், மாலியின் ஸ்டூடியோ தமானியும் அங்கே அடிப்படை மூலங்கள். கண்டத்தின் பெரும்பகுதியில் மக்கள் செய்தி அறிவது வானொலி வழியாகத்தான் என்பதால், வானொலி நிலையத் தளங்களைச் செய்தித்தாள் தளங்களுக்கு இணையாகவே கருத வேண்டும். ஆப்பிரிக்க மொழிகளிலும் செய்தி தடையின்றிக் கிடைக்கிறது. சுவாஹிலியில் கென்யாவின் தைஃபா லியோ, தான்சானியாவின் முவனான்சி, ஹௌசாவில் அமினியா, சூலுவில் இசோலெஸ்வே, அம்ஹாரிக்கில் அடிஸ் ஸெமென். பிபிசி ஹௌசா, சுவாஹிலி, சோமாலி, அம்ஹாரிக், யொரூபா, இக்போ ஆகிய மொழிகளிலும், 2017 முதல் ஆங்கிலக் கலப்பு மொழியான மேற்கு ஆப்பிரிக்கப் பிட்ஜினிலும் எழுதுகிறது. இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவோர் சுவாஹிலியிலிருந்து நேரே தமிழுக்கு வராமல் ஆங்கிலத்துக்குப் பெயர்த்துப் படித்தால் பொருள் அவ்வளவாகச் சிதையாது. மேற்கோள் காட்டும் வரிகளை மட்டும் மொழி அறிந்த ஒருவரிடம் காட்டிவிடலாம்.

தேடுபொறியில் ஒரு சிறு உத்தி. தேடுசொற்களுக்குப் பின் ‘சைட்’ என்ற ஆங்கிலக் கட்டளையும் முக்காற்புள்ளியும் இட்டு, நாட்டின் இணையக் குறியீட்டைச் சேர்த்தால், அந்தக் குறியீட்டில் முடியும் தளங்கள் மட்டும் வரும். நைஜீரியாவுக்கு என்ஜி, கென்யாவுக்கு கேஇ, தென்னாப்பிரிக்காவுக்கு இஸட்ஏ, கானாவுக்கு ஜிஹெச், செனகலுக்கு எஸ்என். நைஜீரிய நாளேடுகள் பல ‘காம்’ முகவரியிலும் இயங்குவதால் இது முழு வலை அன்று. அரசுத் துறைகளையும் பல்கலைக்கழகங்களையும் பிடிக்க இதுவே போதும்.

பெனின் கேள்வியில் இந்தப் படி என்ன தருகிறது என்று பாருங்கள். 2022 ஜூலையில் ஜெர்மனி தன்னிடமிருந்த பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றும் உடன்பாட்டில் கையொப்பமிட்டு, டிசம்பரில் முதல் தொகுதியை ஒப்படைத்தது. அப்போதைய ஐரோப்பியச் செய்திகளைப் படித்தவருக்கு அது நிறைவுற்ற கதையாகத் தோன்றியிருக்கும். ஆனால் நைஜீரிய நாளேடுகளில் 2021ஆம் ஆண்டே, திரும்பும் பொருள்கள் எங்கே வைக்கப்பட வேண்டும் என்பது குறித்து ஓபா இரண்டாம் எவுவாரே ஒருபுறமும் எடோ மாநில ஆளுநர் மறுபுறமுமாக நடந்த கருத்து மோதல் பகிரங்கமாக வெளிவந்துகொண்டிருந்தது. 2023 மார்ச்சில், பதவியிலிருந்து விலகவிருந்த குடியரசுத் தலைவர் புகாரி, திரும்பும் பொருள்களின் உரிமையாளர் ஓபாவே என்று அறிவிக்கை பிறப்பித்தபோது, ஜெர்மனியில் பலர் திடுக்கிட்டனர். உள்ளூர் ஏடுகளைத் தொடர்ந்து படித்துவந்தவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இருந்திராது.

மூன்றாம் படி: பழைய இதழ்கள்

நேற்றைய செய்தி கிடைப்பதைவிட முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி கிடைப்பது கடினம். நைஜீரியாவுக்கு ‘ஆர்க்கைவிங்’ என்னும் தன்னார்வ முயற்சி 1960 முதலான நாளேடுகளைப் பக்கம் பக்கமாக எண்மயமாக்கி வருகிறது. தென்னாப்பிரிக்காவுக்கு 2000இல் தொடங்கிய சவுத் ஆப்பிரிக்கன் ஹிஸ்டரி ஆன்லைன் தளமும், விடுதலைப் போராட்டக் கால இதழ்களைக் கொண்ட டிசா தொகுப்பும், விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆவணப் பிரிவும் உண்டு. பிரெஞ்சுக் காலனிகளின் இதழ்களைப் பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ரீடெக்ஸ் நிறுவனத்தின் ஆப்பிரிக்க நாளிதழ்த் தொகுப்பு 1800 முதல் 1922 வரையிலானது. அது கட்டணத் தொகுப்பு, பல்கலைக்கழக நூலகம் வழியாகவே எட்டும்.

இன்றைய இணையச் செய்தியும் நிலையானதன்று. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய இணைப்புகள் அறுந்துபோவது ஆப்பிரிக்க ஏடுகளிலும் வழக்கமே. எனவே பயன்படுத்தும் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றே இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் கருவியில் சேமித்து, சேமித்த முகவரியையும் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

நான்காம் படி: ஆய்விதழ்களும் நூல்களும்

ஆப்பிரிக்காவில் வெளிவரும் ஆய்விதழ்களைத் தேட முதல் இடம் ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன். 1998இல் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் மக்கண்டா நகரிலிருந்து இயங்கும் இத்தளத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி இலவசம். அச்சுத் தரமும் ஆங்கில நடையும் இதழுக்கு இதழ் மாறும். ஆனால் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் தம் சொந்த ஊரின் திருமணச் சடங்கையோ சந்தை முறையையோ பற்றி எழுதிய கட்டுரை வேறெங்கும் கிடைக்காது. டாக்காரில் 1973இல் நிறுவப்பட்ட கோடெஸ்ரியா, ஆப்பிரிக்கச் சமூக அறிவியலாளர்களின் பொதுமன்றம். அதன் ‘ஆப்பிரிக்கா டெவலப்மென்ட்’ இதழ் திறந்த அணுக்கத்தில், அதாவது கட்டணமின்றி, கிடைக்கிறது.

ஜேஸ்டோர் என்னும் ஆய்விதழ்த் தொகுப்புத் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். 1928 முதல் வரும் ‘ஆப்பிரிக்கா’, 1960இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் ஆப்பிரிக்கன் ஹிஸ்டரி’, நைஜீரிய வரலாற்றுக் கழகத்தின் இதழ் ஆகியவற்றின் பழைய தொகுதிகள் அங்கே உள்ளன. கம்பாலாவில் 1961இல் வங்காள வம்சாவளியினரான ரஜத் நியோகி தொடங்கிய ‘டிரான்சிஷன்’ இதழும் அங்கே கிடைக்கும். கிழக்கு ஆப்பிரிக்க எழுத்தும் அரசியலும் ஒன்றோடொன்று வாதிட்ட இதழ் அது. ஒரு காலத்தின் அறிவுச்சூழலை அறிய விரும்புபவர் வாசகர் கடிதப் பகுதியைத் தவறாமல் படிக்க வேண்டும்.

எந்த இதழில் என்ன வந்தது என்றே தெரியாத நிலையில், நெதர்லாந்தின் லைடன் நகரிலுள்ள ஆப்பிரிக்க ஆய்வு மையத்தின் அட்டவணையும், அம்மையத்தில் தங்கியிருக்கும் ஆப்பிரிக்காபிப் நூற்பட்டியலும் கைகொடுக்கும். பின்னதில் ஆப்பிரிக்கப் பெண்களைப் பற்றிய எழுத்துகளுக்கென்றே தனிப்பட்டியல் உண்டு. முழு உரை அங்கே இராது. கட்டுரையின் பெயரும் இதழும் பக்க எண்ணும் கிடைத்தால் நூலகரிடம் கேட்பதற்கு அது போதும்.

நூல்களில், முதலில் இறக்கிக்கொள்ள வேண்டியது யுனெஸ்கோவின் ஆப்பிரிக்கப் பொது வரலாறு. 1981 முதல் 1993 வரை எட்டுத் தொகுதிகளாக வந்து, ஆப்பிரிக்க அறிஞர்களையே பதிப்பாசிரியர்களாகக் கொண்ட அந்நூல் யுனெஸ்கோ தளத்தில் இலவசம். பெனின் கேள்விக்கு நான்காம், ஐந்தாம் தொகுதிகள் பின்னணி தரும். அதன் பல கூற்றுகள் பிற்கால ஆய்வுகளால் திருத்தப்பட்டுள்ளன. ஆயினும் ஒரு வட்டாரத்தின் காலவரிசையை மனத்தில் இருத்த அதற்கு ஈடு குறைவு. தென்னாப்பிரிக்காவின் எச்எஸ்ஆர்சி பதிப்பகம் தன் நூல்கள் பலவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. ஆப்பிரிக்கன் புக்ஸ் கலெக்டிவ் என்னும் விற்பனைக் கூட்டமைப்பின் அட்டவணையைப் புரட்டினால், கண்டத்தின் சிறு பதிப்பகங்கள் என்ன வெளியிடுகின்றன என்பது தெரியும்.

உள்ளூர் வரலாற்றாளர்களை ஒதுக்கிவிடாதீர்கள். பெனினின் ஜேக்கப் எகரேவ்பா அரண்மனைப் பெரியவர்களிடம் கேட்டறிந்து எழுதிய சுருக்கமான பெனின் வரலாறு, ஆங்கிலத்தில் 1934இல் வெளிவந்தது. பிற்காலப் பதிப்புகளில் அவர் சில செய்திகளை மாற்றியிருக்கிறார் என்பதை ஆய்வாளர்கள் சுட்டியுள்ளனர். எனவே எந்தப் பதிப்பு என்று குறிப்பிடாமல் அவரை மேற்கோள் காட்டக் கூடாது.

ஐந்தாம் படி: நூலகத்தின் தட்டில்

நூலகத்தில் ‘ஆப்பிரிக்கா’ என்று ஒரே தட்டு இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். டூயி பகுப்பைப் பின்பற்றும் நூலகங்களில் ஆப்பிரிக்க வரலாறு 960இல் இருக்கும்; எத்தியோப்பியா 963, நைஜீரியா 966.9, தென்னாப்பிரிக்கா 968. பண்பாட்டு நூல்கள் அங்கே இரா. ஆப்பிரிக்க மொழிகள் 496, அம்மொழிகளின் இலக்கியம் 896, கலை வரலாறு 709.6, பழக்கவழக்கங்கள் 390 என்று நூலகம் முழுதும் சிதறிக் கிடக்கும். ஆங்கிலத்தில் எழுதிய நைஜீரிய நாவலாசிரியர் 823இல் இங்கிலாந்து நாவலாசிரியர்களோடு அமர்ந்திருப்பார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பில் ஆப்பிரிக்க வரலாற்றின் எழுத்துக்குறி டிடி. நைஜீரியா டிடி 515. ரங்கநாதனின் கோலன் பகுப்பில் இன்னும் அடுக்கி வைத்திருக்கும் தமிழ்நாட்டு நூலகங்களில், வரலாற்றுக்குரிய வி என்ற எழுத்தோடு ஆப்பிரிக்காவுக்குரிய 6 என்ற இட எண் வரும் முதுகெழுத்தைப் பார்க்க வேண்டும்.

சென்னை கன்னிமாரா நூலகம் இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. எனவே இந்தியப் பதிப்பகங்கள் வெளியிட்ட ஆப்பிரிக்க நூல்களையும் இந்திய ஆய்வாளர்களின் நூல்களையும் அங்கே தேடலாம். லாகோசிலோ அக்ராவிலோ அச்சானதை அங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. இந்தியாவில் இத்துறையில் ஆழமான சேகரிப்பு வேண்டுமெனில் 1955இல் தொடங்கிய தில்லிப் பல்கலைக்கழக ஆப்பிரிக்க ஆய்வுத் துறை, ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், மும்பைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நூலகங்களை அணுக வேண்டும். இப்பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல ஷோத்கங்கா தளத்தில் முழுமையாக உள்ளன. ஆய்வேட்டின் முடிவுகளைவிட அதன் இறுதியிலுள்ள நூற்பட்டியலே புதியவருக்குப் பெரும் லாபம். தங்கள் நூலகத்தில் இல்லாத நூலை டெல்நெட் என்னும் நூலக வலையமைப்பின் வழியாக வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேட்கலாம். அரசுக் கல்வி நிறுவன மாணவர்களுக்கு, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ்ப் பெரும் பதிப்பகங்கள் பலவற்றின் ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன.

உலகில் எங்கே என்ன இருக்கிறது என்பதை, பல நூலகங்களின் கூட்டு அட்டவணையான வேர்ல்டுகேட் சொல்லும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலுள்ள, 1954இல் தொடங்கிய ஹெர்ஸ்கோவிட்ஸ் நூலகம், இலண்டனின் சோயஸ் நூலகம், லைடன் மையம் ஆகிய மூன்றின் அட்டவணைகளையும் நேரடியாகத் தேடலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1966 முதல் நைரோபியில் அலுவலகம் வைத்துக் கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுவெளியீடுகளைக்கூட வாங்கிச் சேர்த்துவருவதால், ஒரு நூல் வெளிவந்ததா என்பதை உறுதிசெய்ய அதன் அட்டவணையே நல்ல சான்று. மின்னஞ்சலில் கேட்டால் ஓரிரு பக்கங்களைப் படியெடுத்து அனுப்பும் நூலகர்களும் இருக்கிறார்கள். நூற்பெயரையும் பக்க எண்ணையும் தெளிவாக எழுதிக் கேட்பது முறை.

ஆறாம் படி: பொருள்கள், சுவடிகள், ஒலிகள்

பண்பாட்டை அச்சு நூல்களில் மட்டும் தேடுவது ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை பெருங்குறை. பெனின் பொருள்களுக்கென 2022 நவம்பரில் திறக்கப்பட்ட டிஜிட்டல் பெனின் தளம், தொடக்கத்தில் 20 நாடுகளின் 131 நிறுவனங்களில் சிதறிக்கிடந்த 5,246 பொருள்களை ஒரே இடத்தில் காட்டியது. ஒரு தகட்டைத் திறந்து பார்த்தால், அருங்காட்சியகம் வைத்திருக்கும் எண், யாரிடமிருந்து எந்த ஆண்டில் வாங்கியது என்ற குறிப்பு, பொருள் வகைக்குரிய எடோ மொழிப் பெயர் ஆகியவை வரும். விற்றவர் பெயர் பல பொருள்களில் ஆங்கிலேய வணிகரான வெப்ஸ்டர் என்று இருக்கும். அவருக்கு முன் அது யாருடைய கையில் இருந்தது என்ற இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையும் ஒரு சான்றே; அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடோ மக்களின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் அதே தளத்தில் உள்ளன. அருங்காட்சியகக் குறிப்பையும் அப்பதிவையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதுதான், ஐரோப்பியர் ‘அலங்காரத் தகடு’ என்றெழுதியது அரண்மனையின் வரலாற்று ஏடாகவும் இருந்தது என்பது விளங்கும்.

சுவடிகளுக்கு அமெரிக்காவின் ஹில் அருங்காட்சியகச் சுவடி நூலகம் தனிச்சிறப்பு உடையது. எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸ் மொழிச் சுவடிகளை 1970களிலேயே நுண்படமெடுக்கத் தொடங்கிய அந்நிறுவனம், 2012-13இல் ஆயுதக் குழுக்களின் பிடியிலிருந்து பெட்டி பெட்டியாக மாலியின் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றப்பட்ட திம்புக்து நகரச் சுவடிகளையும் எண்மயமாக்கியிருக்கிறது. இலவசப் பதிவு செய்துகொண்டு படிக்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் 2004 முதல் மாலியின் ஜென்னே நகரச் சுவடிகள், கேமரூனின் பமூம் அரண்மனை ஆவணங்கள் போன்றவற்றைப் படமெடுத்து வெளியிடுகிறது. பமூம் ஆவணங்கள் மன்னர் நிஜோயா உருவாக்கிய தனி எழுத்தில் எழுதப்பட்டவை.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பிளீக்-லாயிட் குறிப்பேடுகளை இணையத்தில் புரட்டிப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். 1870களில், சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட சான் மக்கள் சொன்ன கதைகளை, ஒருபுறம் அவர்களுடைய ஃகாம் மொழியிலும் மறுபுறம் ஆங்கிலத்திலுமாக வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாயிடும் எழுதிவைத்தனர். அந்த மொழியைப் பேச இன்று எவரும் இல்லை. தென்னாப்பிரிக்க அரசு முத்திரையின் வாசகம் மட்டும் அம்மொழியில் இருக்கிறது. 2021 ஏப்ரல் 18 அன்று மலைத்தீ பரவி அப்பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகக் கூடம் எரிந்தபோது, ஆப்பிரிக்க ஆய்வு நூல்களிலும் திரைப்படச் சேகரிப்பிலும் பெரும்பகுதி அழிந்தது. பிரிட்டிஷ் நூலகமோ 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் எண்மத் தொகுப்புகள் நெடுநாள் முடங்கின. ஆகவே இன்று திறந்திருக்கும் கோப்பை இன்றே இறக்கிக்கொள்வது நல்லது.

இசைக்கு, ஹியூ டிரேசி 1954இல் நிறுவிய ஆப்பிரிக்க இசைப் பன்னாட்டு நூலகம். பாறை ஓவியங்களுக்கு நைரோபியிலுள்ள ஆப்பிரிக்கப் பாறைக்கலை அறக்கட்டளை. ஒளிப்படங்களுக்கு அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் எலிசோஃபன் ஆவணகம். உணவு, கூத்து, விழா போன்றவற்றுக்கு யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலைப் பார்க்கலாம். செனகலின் செபு ஜென் என்னும் மீன்சோறு 2021இல் அதில் இடம்பெற்றது. அங்கே சுருக்கக் குறிப்போடு நின்றுவிடாமல் விண்ணப்பக் கோப்பை இறக்கிப் படியுங்கள். யார் சமைக்கிறார்கள், யாரிடம் கற்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

ஒரே செய்தி பத்துத் தளங்களில் இருப்பதால் பத்துச் சான்று ஆகிவிடாது. முதல் பத்தியை ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே செய்தி முகமையிலிருந்து வந்தவை என்பது தெரிந்துவிடும். பரவலாகப் பகிரப்படும் கூற்றுகளுக்கு, ஜோகன்னஸ்பர்கில் 2012இல் தொடங்கிய ஆப்பிரிக்கா செக் தளத்தை முதலில் பார்க்கலாம். அரசின் முடிவுகளுக்கு நாளேட்டைவிட அரசிதழே மூலம். பல நாடுகளின் அரசிதழ்கள் கெஜட்ஸ் ஆப்பிரிக்கா தளத்தில் தேடத்தக்க வடிவில் உள்ளன. புகாரியின் அறிவிக்கை போன்றவற்றின் சொற்களை அரசிதழிலேயே படித்தால், உரிமையும் பொறுப்பும் யாருக்கு எந்த அளவில் தரப்பட்டன என்பது தெளிவாகும். மக்கள் கருத்துக்கு அஃப்ரோபேரோமீட்டர் கணக்கெடுப்புகளின் கேள்வித்தாளும் தரவும் இலவசம்.

காலனி ஆவணங்களைப் படிக்கும்போது தலைப்பிலிருந்தே விழிப்பு வேண்டும். பெனின் நிகழ்ச்சி குறித்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1897இல் வைக்கப்பட்ட ஆவணத் தொகுப்பு, பிரிட்டிஷ் அதிகாரிகள் கொல்லப்பட்டதைப் ‘படுகொலை’ என்றும், நகரை எரித்த படையெடுப்பைத் ‘தண்டனைப் பயணம்’ என்றும் பெயரிடுகிறது. அதில் உள்ள தேதிகளும் ஆணைகளும் பயனுள்ளவை. சொற்களை மட்டும் மேற்கோள் குறியில்லாமல் நம் எழுத்துக்குள் எடுத்துவந்துவிடக் கூடாது.

குறிப்பெடுக்க ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் போதும். ஒவ்வொரு மூலத்துக்கும் நிகழ்ந்த நாள், வெளியான நாள், எழுதியவர் எங்கிருந்து எழுதினார் என்ற மூன்றையும் தனித்தனியே பதிந்துவைப்பது நல்லது.

தமிழர் தொடர்புடைய ஆவணங்கள்

ஆப்பிரிக்க ஆவணங்களில் தமிழர் நேரடியாக இடம்பெறும் பகுதியும் உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட டிரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்கள், குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தின் வழியாக எண்மமாகக் கிடைக்கின்றன. மொரீசியசுக்குப் போனவர்களின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 1903இல் டர்பனில் தொடங்கி, தொடக்க ஆண்டுகளில் தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழைக் காந்தி பாரம்பரியத் தளத்தில் படிக்கலாம். அதே ஆண்டில் அதே வட்டாரத்தில் ஜான் டூபே தொடங்கிய ‘இலாங்கா லாசே நேட்டால்’ என்னும் சூலு இதழையும் உடன்வைத்துப் படிப்பவருக்கு, ஒரே நகரத்தின் இரு சமூகங்கள் ஒரே சட்டங்களை எப்படி எதிர்கொண்டன என்பது புலப்படும்.

கப்பல் பட்டியலில் தேடுபவர் தமிழ் உச்சரிப்பை நம்பக் கூடாது. எழுத்தர் காதில் விழுந்ததே அங்கே எழுத்தாகியிருக்கிறது. கவுண்டர் என்பது கோவெண்டர் என்றும், முதலி என்பது மூட்லி என்றும் தென்னாப்பிரிக்காவில் நிலைபெற்றன. ஊர்ப்பெயரை இன்றைய மாவட்டப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்காது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் என்று சென்னை மாகாணக் கால மாவட்டங்களின் பழைய ஆங்கில எழுத்துகளில் தேட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இடப்பட்ட காலனி எண் கிடைத்துவிட்டால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே கப்பலில் ஒரே பெயரில் பலர் வந்திருப்பார்கள், எண் மட்டும் ஒருவருக்கு ஒன்றே.